மெட்டு வந்ததால் மூர்க்கம் போய்விடவில்லை

நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது த்ராஷ் இல்லை. ஜெர்மனியின் எஸ்ஸென் நகரத்துக் குழுவான க்ரியேட்டர் 2012 ஜூனில் வெளியிட்ட ‘ஃபான்டம் ஆன்டிகிரைஸ்ட்’ ஆல்பத்தைப் பற்றி மெட்டல் ரசிகர்களிடம் பேச்செடுத்தால் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு இதுதான். இன்னும் கொஞ்சம் பேசக்கூடியவர்கள் காரணங்களையும் அடுக்குவார்கள். கிட்டார்கள் பாட ஆரம்பித்துவிட்டன. ஒலிப்பதிவு பளபளக்கிறது. கோரஸ்கள் திறந்தவெளி விழாக்களில் கூட்டம் சேர்ந்து கத்துவதற்காகவே எழுதப்பட்டவை. ஸ்வீடனிலிருந்து இனிமையை வாங்கிவந்து, பதிலுக்குப் பழைய மூர்க்கத்தைக் கொடுத்துவிட்டார்கள். இப்படிச் சொல்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றே: 1986-இல் வெளிவந்த ‘ப்ளெஷர் டு கில்’. அதுதான் க்ரியேட்டர், பிறகு வந்ததெல்லாம் அதன் நிழல்.

இந்தத் தீர்ப்பைச் சொல்பவர்கள் இரண்டு ஆல்பங்களையுமே சரியாகக் கேட்கவில்லை என்பது என் கட்சி. புதியதை மட்டும் தப்பாகக் கேட்டிருந்தால் மன்னித்துவிடலாம். நெஞ்சில் வைத்துக் கும்பிடும் பழையதையே காதுகொடுத்துக் கேட்காமல் நினைவிலிருந்து பேசுகிறார்கள்.

இந்த இசைக்குப் புதியவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் கிட்டார் வேலைப்பாடும் பங்க் இசையின் வேகமும் கோபமும் கலந்து பிறந்தது த்ராஷ் மெட்டல். கலிபோர்னியாவில் மெட்டாலிகா, ஸ்லேயர், எக்ஸோடஸ். ஜெர்மனியில் எஸ்ஸெனின் க்ரியேட்டர், கெல்சன்கிர்ஷெனின் சோடம், தெற்கே டிஸ்ட்ரக்ஷன். இவற்றில் முதல் இரண்டும் ரூர் நிலக்கரிப் படுகையின் பிள்ளைகள். க்ரியேட்டர் பையன்கள் ஒத்திகை பார்த்த ட்ஸெஹே கார்ல் என்ற இடமே முன்பு ஒரு சுரங்கம். பிறகு பண்பாட்டு மையமாக மாறியது. எஸ்ஸெனின் புகழ்பெற்ற ட்ஸோல்ஃபெராய்ன் சுரங்கம் மூடப்பட்டது 1986 டிசம்பரில். ‘ப்ளெஷர் டு கில்’ வந்த அதே ஆண்டு. சுரங்கம் மூடியதால்தான் இசை இப்படி ஒலித்தது என்று கதை கட்டுவது எளிது, நான் கட்டப்போவதில்லை. ஆனால் அந்தப் பையன்கள் வளர்ந்த ஊர் எப்படிப்பட்டது என்பது தெரிந்திருப்பது நல்லது.

இனி அந்த ஆல்பத்துக்கு வருவோம். பெர்லினில் ஹாரிஸ் ஜான்ஸ் தயாரிப்பில் பதிவானது. பாடகரும் கிட்டாரிஸ்டுமான மில்லே பெட்ரோட்ஸாவுக்கு அப்போது 18 வயது. கைக்கு எட்டாத வேகத்தை எட்டிப்பிடிக்கப் பார்க்கும் பையன்களின் இசை அது. டிரம்ஸ் அங்கங்கே தாளத்தைவிட்டு ஒரு நூலிழை விலகி ஓடுகிறது. கிட்டார் அதைத் துரத்துகிறது. குரல் இரண்டையும் முந்தப் பார்க்கிறது. எந்த நொடியும் எல்லாம் சரிந்துவிடும் என்ற பயம் கேட்பவனுக்கு வருகிறதே, அதில்தான் அந்த ஆல்பத்தின் ஆபத்து இருக்கிறது. பின்னால் வந்த டெத் மெட்டல் குழுக்கள் அதை வேதமாக வைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

சரி, அந்த வேதத்தின் முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது? ‘க்வாயர் ஆஃப் தி டேம்ட்’. குரல் இல்லாத, மெதுவான, முழுக்க முழுக்க மெட்டாகவே அமைந்த ஒரு முன்னிசை. ஒன்றரை நிமிடத்துக்கும் சற்று அதிகம். அது முடிந்த கணத்தில் ‘ரிப்பிங் கார்ப்ஸ்’ பாய்ந்து வந்து கழுத்தைப் பிடிக்கிறது. முன்னிசையைத் தாண்டிவிட்டு நேராக இரண்டாவது பாட்டிலிருந்து கேட்டுப்பாருங்கள். பாய்ச்சலின் பாதி பலம் போய்விடும். 18 வயதுப் பையன்களுக்கே இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. அதே ஆல்பத்தின் ‘ரயட் ஆஃப் வயலன்ஸ்’ வேகத்தைக் குறைத்து நடுநடையில் மிதித்துக்கொண்டு போகிற பாட்டு. இதே உத்தியை 2012-இல் செய்தால் சமரசம், 1986-இல் செய்தால் மேதைமையா?

மெட்டு வேண்டாம், அடி மட்டும் போதும் என்பவர்கள் த்ராஷ் ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, எப்படிக் கட்டப்படுகிறது என்பதையே கவனிப்பதில்லை. வலது கையின் விளிம்பைத் தந்திகளின் மேல் லேசாக அழுத்தி, தடித்த தந்தியைத் தடதடவென்று மீட்டுவது அடித்தளம். அந்தத் தடதடப்புக்கு நடுவே கையைத் தூக்கி, மேலே இரண்டு மூன்று ஸ்வரங்களை முழுதாக ஒலிக்கவிடுவார்கள். அப்படி ஒலிக்கிற ஸ்வரங்களை மட்டும் தனியாகப் பொறுக்கிக் கோர்த்தால் கிடைப்பது ஒரு மெட்டு. ஒரு ரிஃப் இன்னொரு ரிஃபிலிருந்து வேறுபடுவது அந்த மெட்டால்தான். தடதடப்பு எல்லாருக்கும் பொது. நிகழ்ச்சிகளில் ரசிகர்கள் கூட்டமாகச் சேர்ந்து கிட்டார் பகுதியை வாயாலேயே பாடுகிறார்களே, எதைப் பாடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? 1990-இல் வந்த ‘கோமா ஆஃப் சோல்ஸ்’ ஆல்பத்தின் ‘பீப்பிள் ஆஃப் தி லை’ பாட்டை ஒருமுறை கேட்ட எவனும் அன்று மாலைக்குள் அதன் ரிஃபை முணுமுணுத்துவிடுவான். அதைத் த்ராஷ் இல்லை என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

சரியாகச் சொன்னால், க்ரியேட்டர் த்ராஷை உண்மையாகவே விட்டு விலகிய காலம் ஒன்று உண்டு. அது தொண்ணூறுகள். 1992-இன் ‘ரினியூவல்’ இண்டஸ்ட்ரியல் இசைப் பக்கம் சாய்ந்தது. 1997-இன் ‘அவுட்காஸ்ட்’ வேகத்தை இறக்கி வைத்தது. 1999-இன் ‘எண்டோராமா’வில் மில்லே கத்துவதை நிறுத்திப் பாடவே தொடங்கினார், கோதிக் ராக்கின் இருட்டும் சோகமும். (எனக்கு ‘எண்டோராமா’ பிடிக்கும். அது இங்கே வழக்கு இல்லை.) பிறகு 2001-இல் ‘வயலென்ட் ரெவல்யூஷன்’ வந்தது. பழைய வேகம் திரும்பியது, பழைய குரல் திரும்பியது. க்ரியேட்டர் த்ராஷுக்குத் திரும்பிவிட்டது என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். அந்தத் திரும்புதலின் வாகனம் எது? அந்த ஆண்டு குழுவில் சேர்ந்த ஃபின்லாந்துக்காரர் சாமி உலி-சிர்னியோவின் கிட்டார். முன்னிசை, அதைத் தொடர்ந்து தலைப்புப் பாட்டு, அதில் இரண்டு கிட்டார்கள் ஒன்றாக ஏறி இறங்கும் மெட்டு. இதே குழுவை த்ராஷுக்குள் மீட்டுக்கொண்டுவந்ததே மெட்டுதான். மீட்டவனையே பதினொரு ஆண்டுகள் கழித்துத் திருடன் என்றால் எப்படி?

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே பிரித்துவிடலாம். மெட்டு அதிகம் என்பது ஒரு புகார். ஒலிப்பதிவு மிகவும் சுத்தம் என்பது வேறு புகார். ‘ஃபான்டம் ஆன்டிகிரைஸ்ட்’ பற்றிப் பேசுபவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, இரண்டாவதற்கான கோபத்தை முதலாவதன் தலையில் கொட்டுகிறார்கள். இரண்டும் வேறு என்பதற்கு ஆதாரம் இதற்கு முந்தைய ஆல்பத்திலேயே இருக்கிறது. 2009-இல் வந்த ‘ஹோர்ட்ஸ் ஆஃப் கேயாஸ்’ ஆல்பத்தை மோசஸ் ஷ்னைடர் தயாரித்தார். குழு முழுவதும் ஓர் அறையில் ஒன்றாக நின்று வாசித்துப் பதிவுசெய்தார்கள். கரடுமுரடு வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கரடுமுரடே கிடைத்தது. ஆனால் அதிலும் ‘அமோக் ரன்’ பாட்டு எப்படித் தொடங்குகிறது? தணிந்த கிட்டார், தணிந்த குரல், சோகமான மெட்டு, பிறகுதான் வெடிப்பு. பளபளப்பைக் கழற்றி வைத்தபோதும் மெட்டு அங்கேயேதான் இருந்தது. ஆகவே ‘ஃபான்டம் ஆன்டிகிரைஸ்ட்’ ஆல்பத்தைத் தயாரித்த யென்ஸ் போக்ரெனின் ஒலிப்பதிவைக் குறைசொல்ல வேண்டுமா, தாராளமாகச் சொல்லுங்கள். டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில், ஒரே அளவில் விழுவது எனக்கும் உவப்பாக இல்லை. வென்டர் என்ற பெயரில் வாசிக்கும் யூர்கன் ரைலின் கை எப்போதும் சற்றுத் தறிகெட்டது. அந்தத் தறிகெட்ட தன்மையை மெருகு தின்றுவிடுகிறது. இது ஒலிப்பதிவாளர் மீதான வழக்கு. மெட்டுக்கு இதில் பங்கில்லை.

ஸ்வீடன் வழக்கும் அப்படித்தான். போக்ரென் ஸ்வீடன்காரர், ஓரெப்ரோ நகரத்தில் உள்ள அவருடைய ஃபாசினேஷன் ஸ்ட்ரீட் கூடத்தில் இந்த ஆல்பம் உருவானது, ஓபெத், அமோன் அமார்த் போன்ற குழுக்களுடன் அவர் அதற்கு முன் வேலை செய்திருக்கிறார். இவ்வளவும் உண்மை. இதிலிருந்து, கிட்டார் மெட்டுகளும் அங்கிருந்து வாங்கியவையே என்று முடிவுகட்டுகிறார்கள். சாமியின் கிட்டார் அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே குழுவில் பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பதினொரு ஆண்டுகளில் இரண்டு ஆல்பங்களைத் தயாரித்தவர் ஆண்டி ஸ்னீப் என்ற ஆங்கிலேயர், தாமே சப்பாட் என்ற த்ராஷ் குழுவில் கிட்டார் வாசித்தவர். 2005-இன் ‘எனிமி ஆஃப் காட்’ ஆல்பத்தில் ஸ்வீடன் குழுவான ஆர்ச் எனிமியின் மைக்கேல் அமோட் விருந்தினராக வந்து வாசித்ததும் உண்டு. அப்போது எந்த ரசிகனும் எல்லைக்காவல் செய்யவில்லை.

வேரைத் தோண்டினால் இந்தக் குற்றச்சாட்டு இன்னும் வேடிக்கையாகிறது. ஸ்வீடனின் யோத்தபோரி நகரத்துக் குழுக்கள் தொண்ணூறுகளின் நடுவில் உருவாக்கிய பாணி எதிலிருந்து வந்தது? அட் த கேட்ஸின் ‘ஸ்லாட்டர் ஆஃப் த சோல்’ 1995-இல் வந்தது. அதன் முதுகெலும்பே எண்பதுகளின் த்ராஷ் ரிஃப்தான். இன் ஃப்ளேம்ஸின் இரட்டைக் கிட்டார் அயர்ன் மெய்டனின் வழிவந்தது. அயர்ன் மெய்டனோ தின் லிஸ்ஸியையும் விஷ்போன் ஆஷையும் கேட்டு வளர்ந்த குழு. ஜெர்மன் பையன்களும் அதே அயர்ன் மெய்டனைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஒரே பாட்டனின் சொத்து இரண்டு பேரன்களிடமும் இருக்கிறது. ஒரு பேரன் அதைப் பயன்படுத்தினால் மற்றவனிடமிருந்து திருடியதாகப் புகார் எழுதுவது என்ன நியாயம்?

ஆல்பத்துக்குள் போவோம். ‘மார்ஸ் மந்த்ரா’ என்ற முன்னிசை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. படைகள் அணிவகுக்கும் சினிமாக் காட்சிக்குப் போட்ட பின்னணி மாதிரி இருக்கிறது. அடுத்து வரும் தலைப்புப் பாட்டு வேறு விஷயம். முழு வேகத்தில் இறங்கி, கோரஸில் கிட்டார் மெட்டை உயர்த்திப் பிடிக்கிறது; கீழே டிரம்ஸ் வேகத்தைக் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. இனிமை மேலே போகப் போக, கீழேயிருக்கும் அடி இன்னும் கொடூரமாகத் தெரிகிறது. வாய்க்கு வாய் வெறும் பச்சை மிளகாயாகவே தின்றால் ஐந்தாவது வாயில் நாக்கு மரத்துப்போகும். காரம் காரமாகத் தெரிய வேண்டுமானால் கூடவே வேறொன்று வேண்டும். தொடர்ந்து நாற்பது நிமிடம் ஒரே உச்சத்தில் அடித்துக்கொண்டே போகும் ஆல்பங்களைப் பதினைந்தாவது நிமிடத்துக்குமேல் எத்தனை பேர் உண்மையில் கேட்கிறார்கள் என்று அவரவர் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

‘யுனைடெட் இன் ஹேட்’ பாட்டுதான் என் பிரதான சாட்சி. நைலான் தந்திக் கிட்டாரின் அமைதியான வாசிப்போடு தொடங்குகிறது. கேட்பவன் சாய்ந்து உட்காரும் நேரத்தில் முழுக்குழுவும் பாய்கிறது. பிறகு அந்தப் பாட்டில் எங்கும் கருணை கிடையாது. ‘சிவிலைசேஷன் கொலாப்ஸ்’ அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. இந்த ஆல்பம் மென்மையாகிவிட்டது என்பவர்கள் அந்தப் பாட்டு ஓடும்போது எங்கே போயிருந்தார்கள் என்று தெரியவில்லை. ‘ஃப்ரம் ஃப்ளட் இன்டு ஃபயர்’ நடுநடையில் போவது, கோரஸ் விரிந்து ஒலிப்பது. எதிர்க்கட்சிக்குப் பிடித்த ஆதாரம் அதுதான். அங்கே இரண்டு கிட்டார்களும் இணைந்து வாசிக்கும் இடத்தைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். ஒரு தோல்வியின் பாரம் அந்த மெட்டில் தொங்குகிறது. அழிவைப் பற்றிய பாட்டுக்கு அழுகை வரக்கூடாது, கோபம் மட்டும்தான் வரவேண்டும் என்று எந்த இலக்கணம் சொல்கிறது?

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைப் புகார்க்காரர்கள் கவனிப்பதேயில்லை. அது குரல். ஒரு த்ராஷ் குழு உண்மையாகவே மென்மையாகும்போது முதலில் மாறுவது குரல்தான். 1991-இல் மெட்டாலிகா தங்கள் பெயரிலேயே வெளியிட்ட கறுப்பு அட்டை ஆல்பத்தில் வேகம் இறங்கியது, பாட்டின் கட்டு எளிமையானது, ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் முறையாகப் பாட ஆரம்பித்தார். அது மாற்றம், விரும்புகிறவர் விரும்பலாம், வெறுக்கிறவர் வெறுக்கலாம். ‘ஃபான்டம் ஆன்டிகிரைஸ்ட்’ ஆல்பத்தில் மில்லேவுக்கு 44 வயது. அங்கங்கே தணிந்த வரிகள் உண்டு என்றாலும், தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரும் அதே குரைப்புதான் ஆல்பம் முழுவதும். பாடும் வேலையைக் கிட்டார்களிடம் கொடுத்துவிட்டு, குரல் தன் பழைய மூர்க்கத்தோடு தனியாக நிற்கிறது. கிட்டார் இனிக்க இனிக்க, அதன் மேல் விழும் இந்தக் குரல் மேலும் வெறிகொண்டு ஒலிக்கிறது. மெட்டும் குரலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் முட்டிக்கொண்டே இருப்பதுதான் இந்த ஆல்பத்தின் ஜீவன். ‘எண்டோராமா’வில் குரலும் பாடியது, அதனால்தான் அது வேறு இசையாகிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் வேறுபாடு ஒரே பாட்டில் விளங்கிவிடும்.

காசுக்காக மெட்டுப் போட்டார்கள் என்பது இன்னொரு பழி. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2017-இல், இதே போக்ரென் தயாரித்த ‘காட்ஸ் ஆஃப் வயலன்ஸ்’ ஜெர்மனியின் ஆல்பம் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அதைக் காட்டி, பார்த்தீர்களா என்கிறார்கள். வணிகம் மட்டுமே நோக்கம் என்றால், இருப்பதிலேயே இனிமையான ‘எண்டோராமா’ அல்லவா அவர்களைத் தூக்கியிருக்க வேண்டும்? தூக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக விடாமல் ஊர் ஊராகப் போய் வாசித்துச் சேர்த்த கூட்டம் அது. சம்பாதித்தவனெல்லாம் விலைபோனவன் என்ற எண்ணம் த்ராஷ் ரசிகர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. 1984-இல் ‘ரைட் த லைட்னிங்’ ஆல்பத்தில் ‘ஃபேட் டு பிளாக்’ என்ற மெதுவான பாட்டைச் சேர்த்ததற்காக மெட்டாலிகாவையே விலைபோனவர்கள் என்று ஏசினார்கள். இன்று அதே ஆல்பம் த்ராஷின் உச்சங்களில் ஒன்று என்று அந்தத் தலைமுறையே சத்தியம் செய்யும். காலம் நிரூபித்துவிட்டது என்று நான் இதை ஆதாரமாக வைக்கவில்லை. காலம் எத்தனையோ குப்பைகளையும் நிரூபித்திருக்கிறது. ஏச்சு புதியதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

என் பக்கத்து ஆட்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இந்த ஆல்பத்தை ஆதரிப்பவர்களில் பலர், குழு பக்குவப்பட்டுவிட்டது, சத்தத்திலிருந்து இசைக்கு வளர்ந்துவிட்டது என்கிறார்கள். எதிராளியின் தவற்றையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கும் வாதம் இது. மூர்க்கம் சின்னப் பிள்ளைத்தனம், மெட்டு பெரியமனிதத்தனம் என்று இவர்களும் இரண்டையும் எதிரெதிராகவே நிறுத்துகிறார்கள். ‘ப்ளெஷர் டு கில்’ வெறும் சத்தமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதற்கு வக்காலத்து வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆல்பத்தின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. வரிகள் பல இடங்களில் சுவரொட்டி முழக்கங்கள். ‘விக்டரி வில் கம்’ என்ற பாட்டின் தலைப்பே உள்ளே என்ன இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்க மரைன் படைக்கு ஆள் சேர்க்கும் விளம்பர வாசகத்தைத் திருப்பிப்போட்டு, போரில் நொறுங்கியவர்களைப் பேசும் ‘த ஃப்யூ, த ப்ரௌட், த ப்ரோக்கன்’ பாட்டில் இருக்கும் கூர்மை எல்லாப் பாட்டிலும் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். கிட்டார் தனி வாசிப்புகளில் இரண்டொன்று ஒரே அச்சில் வார்த்தவை. நேர்மையான விமரிசனம் இவற்றைப் பிடித்து உலுக்கலாம். ஆனால் புகார்க்காரர்களுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. மெட்டு கேட்ட மாத்திரத்தில் வழக்கு முடிந்தது அவர்களுக்கு.

பதினெட்டு வயதின் தடுமாற்றத்தை நாற்பத்து நான்கு வயதில் நடித்துக்காட்டச் சொல்வதுதான் இந்தப் புகாரின் அடியில் இருக்கும் உண்மையான கோரிக்கை. அப்படி நடித்துக்காட்டும் குழுக்கள் உண்டு. ஒலிப்பதிவை வேண்டுமென்றே அழுக்காக்கி, தாளத்தை வேண்டுமென்றே நழுவவிட்டு, முப்பது ஆண்டுக்கு முந்தைய சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த அழுக்கில் ஆபத்து இல்லை, ஏனென்றால் எதுவும் சரிந்துவிடாது என்று வாசிப்பவனுக்கும் தெரியும், கேட்பவனுக்கும் தெரியும். கை தேர்ந்துவிட்ட பிறகு ஆபத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். க்ரியேட்டர் அதை மெட்டுக்கும் அடிக்கும் நடுவிலுள்ள முட்டலில் தேடியது. ‘அன்டில் அவர் பாத்ஸ் க்ராஸ் அகெய்ன்’ என்ற கடைசிப் பாட்டு ஒரு பிரிவுப் பாட்டு. துக்கத்தையும் வேகத்தையும் ஒரே பாட்டில் வைத்திருக்கும் அதை 1986-இன் க்ரியேட்டரால் எழுதியிருக்க முடியாது. 2012-இன் க்ரியேட்டரால் ‘ரிப்பிங் கார்ப்ஸ்’ எழுதியிருக்க முடியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

ஆகவே புகார் சொல்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ப்ளெஷர் டு கில்’, ‘கோமா ஆஃப் சோல்ஸ்’, ‘வயலென்ட் ரெவல்யூஷன்’, ‘ஃபான்டம் ஆன்டிகிரைஸ்ட்’ நான்கையும் இதே வரிசையில், முன்னிசைகளைத் தாண்டாமல் கேளுங்கள். மெட்டு எந்த ஆல்பத்தில் உள்ளே நுழைந்தது என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் நான் இந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். அதுவரை என் தரவரிசை இதுதான்: க்ரியேட்டரின் ஆல்பங்களில் ‘ப்ளெஷர் டு கில்’ முதலாவது, ‘கோமா ஆஃப் சோல்ஸ்’ இரண்டாவது, ‘ஃபான்டம் ஆன்டிகிரைஸ்ட்’ மூன்றாவது.